பிட்யூட்டரியில் 4 மி.மீ. கட்டி: சுரப்பியைப் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டும் புரியும்

கேள்வி இதுதான்: 29 வயதுத் தங்கைக்குச் சில மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. மார்பிலிருந்து அவ்வப்போது பால் போலக் கசிகிறது. ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) 68. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பிட்யூட்டரியில் 4 மி.மீ. ‘மைக்ரோஅடினோமா’ என்று எழுதியிருக்கிறார்கள். மூளையில் கட்டி என்று கேட்டதும் வீடே கலங்கிப் போயிருக்கிறது. இது புற்றுநோயா, ஆபரேஷன் வேண்டுமா, பின்னால் குழந்தை பிறக்குமா, இந்தச் சுரப்பி உடம்பில் என்னதான் செய்கிறது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் இல்லை. பிட்யூட்டரியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே அடினோமா, அதாவது புற்றுநோயல்லாத கட்டி வகை. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவும் புற்றுநோய் இந்தச் சுரப்பியில் மிக மிக அரிது. ஆபரேஷன் அநேகமாகத் தேவைப்படாது, மாத்திரையே போதும். குழந்தை பெற்றுக்கொள்ளவும் முடியும். ஆனால் 68 என்ற எண்ணையும் 4 மி.மீ. என்ற அளவையும் மட்டும் வைத்து முடிவெடுத்துவிடக் கூடாது. ஏன் என்பதற்கு அந்தச் சுரப்பி இருக்கும் இடத்தையும் அது வேலை செய்யும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூக்குத்தண்டின் மேல்முனையிலிருந்து நேராகப் பின்னால் போனால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஸ்பீனாய்டு என்ற எலும்பு. அதன் மேல்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். ரிப்போர்ட்டில் ‘செல்லா’ என்று குறிப்பிடுவது இதைத்தான். அதற்குள் அரை கிராம் எடையில், ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அகலத்தில் பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய காம்பு ஒன்று அதை மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியோடு இணைக்கிறது. ஆகவே ‘மூளையில் கட்டி’ என்பதே சரியில்லை. கட்டி இருப்பது மூளைக்குக் கீழே தொங்கும் ஒரு சுரப்பியில்.

இந்தப் பள்ளத்தின் அக்கம்பக்கம் முக்கியம். மேலே, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கே சந்திக்கின்றன. இரண்டு பக்கங்களிலும் கேவர்னஸ் சைனஸ் எனப்படும் சிரைக் குழிகள். அவற்றுக்குள் மூளைக்குப் போகும் பெரிய தமனியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் ஓடுகின்றன. கீழே மூக்கோடு தொடர்புள்ள காற்றறை. மூளையின் சளி இந்தச் சுரப்பி வழியாகத்தான் மூக்குக்கு இறங்குகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு. ஆனால் இன்று பிட்யூட்டரி கட்டியை எடுக்கும் அறுவை மருத்துவர் மண்டையோட்டைத் திறக்காமல், மூக்கு வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி ஏறுவது அதே பாதையில்தான். இந்த வழியில் முதல் அறுவை சிகிச்சை 1907இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நடந்தது. செய்தவர் ஹெர்மன் ஷ்லோஃபர்.

கட்டியை 10 மி.மீ.க்குக் கீழே, மேலே என்று பிரிப்பதற்கு இந்த அக்கம்பக்கமே காரணம். சிறியது (மைக்ரோ) பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பெரியது (மேக்ரோ) மேலே வளர்ந்து பார்வை நரம்புச் சந்திப்பை அழுத்தலாம். அங்கே குறுக்கே கடக்கும் இழைகள் இரண்டு கண்களின் வெளிப்பக்கக் காட்சிகளையும் கொண்டுவருபவை. அவை நசுங்கினால் நேராகப் பார்ப்பது தெளிவாகவே இருக்கும், பக்கவாட்டுப் பார்வை மட்டும் இரண்டு புறமும் மறையும். பலருக்கு இது பார்வைக் குறை என்றே தோன்றாது. கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வந்து நிற்பவரைக் கண்டு திடுக்கிடுவார்கள், வண்டி ஓட்டும்போது ஓரத்திலிருந்து வரும் வாகனம் கடைசி நொடியில்தான் தெரியும். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கண் மருத்துவர் பார்வைப் புலச் சோதனை செய்யும்போது பிடிபடும். உங்கள் தங்கையின் 4 மி.மீ. கட்டி அந்த நரம்புகளைத் தொடவே முடியாது. அவருக்குத் தலைவலி இருந்தாலும் இந்தக் கட்டியின் தலையில் போடாமல் வேறு காரணம் தேடுவதே நல்லது.

இனி சுரப்பிக்கு உள்ளே. பார்க்க ஒன்றாக இருந்தாலும் இது இரண்டு உறுப்புகளின் ஒட்டு. கருவில் வாயின் கூரைப்பகுதி மேல்நோக்கிப் பிதுங்கி முன்மடலாகிறது. மூளையின் தரைப்பகுதி கீழ்நோக்கி நீண்டு பின்மடலாகிறது. பின்மடல் எந்த ஹார்மோனையும் தயாரிப்பதில்லை. ஹைப்போதலாமஸின் நரம்பணுக்கள் தயாரிக்கும் வாசோபிரெசினும் ஆக்ஸிடோசினும் நரம்பிழைகள் வழியாக இறங்கி அங்கே சேமிக்கப்பட்டு, தேவைப்படும்போது ரத்தத்தில் கலக்கின்றன. வாசோபிரெசின் சிறுநீரகத்தில் தண்ணீரைத் தக்கவைக்கிறது. ஆக்ஸிடோசின் பிரசவத்தில் கருப்பையைச் சுருக்கி, தாய்ப்பால் பீறிட உதவுகிறது.

முன்மடலோ உண்மையான தொழிற்சாலை. ஆறு முக்கிய ஹார்மோன்கள்: வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச்., சினைப்பையையும் விதைப்பையையும் இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இதனால்தான் பள்ளிப் பாடத்தில் ‘தலைமைச் சுரப்பி’ என்று படித்தோம். எனக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு உடன்பாடில்லை. முன்மடல் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. ஹைப்போதலாமஸ் அனுப்பும் வேதிச் செய்திகளுக்கு ஏற்பவே சுரக்கிறது. இந்தச் செய்திகள் வர நரம்பு கிடையாது. ஹைப்போதலாமஸின் நுண்குழாய்களில் சேரும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல், காம்பு வழியாக இறங்கி முன்மடலில் மறுபடியும் நுண்குழாய்களாகப் பிரிகிறது. செய்திகள் அந்த ரத்தத்தில்தான் வருகின்றன. அந்த வேதிப்பொருட்களைப் பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் ரோஜர் கிய்மானும் ஆண்ட்ரூ ஷாலியும் போட்டி போட்டுக்கொண்டு, லட்சக்கணக்கான ஆடு, பன்றி மூளைத் துணுக்குகளை ஆண்டுக்கணக்கில் அரைத்தார்கள். கிடைத்தது மில்லிகிராம் கணக்கில். 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்த ரத்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. முன்மடலுக்கு வருவது பெரும்பாலும் அழுத்தம் குறைந்த சிரை ரத்தம். கர்ப்ப காலத்தில் புரோலாக்டின் அணுக்கள் பெருகிச் சுரப்பி வீங்குகிறது, ரத்தத் தேவையும் கூடுகிறது. அந்த நேரத்தில் பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போய் அழுத்தம் விழுந்தால் முன்மடல் அணுக்கள் செத்துப்போகலாம். ஷீஹன் என்ற மருத்துவர் 1937இல் விவரித்த நோய் இது. முதல் அறிகுறி, பிரசவத்துக்குப் பின் பால் சுரக்காமலே போவது. பிறகு மாதவிடாய் திரும்பாது, அக்குள் முடி உதிரும், தோல் வெளுக்கும், எப்போதும் சோர்வு, குளிர் தாங்காது. ‘பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பின்மடலுக்குத் தனித் தமனி இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் சிலருக்கும் முன்மடல் இப்படியே பாதிக்கப்படுவதுண்டு.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: பிட்யூட்டரியின் ஹார்மோன் அளவைத் தனியாகப் படிக்கக் கூடாது, அது தூண்டும் சுரப்பியின் ஹார்மோனோடு ஜோடியாகப் படிக்க வேண்டும். தைராய்டு சோர்ந்து அதன் ஹார்மோனான டி4 குறைந்தால், நல்ல பிட்யூட்டரி சும்மா இருக்காது, டி.எஸ்.எச்.-ஐ ஏற்றும். டி4 குறைந்திருக்கிறது, டி.எஸ்.எச். 2 என்று ‘நார்மல்’ கட்டத்துக்குள் நிற்கிறது என்றால் அந்த நார்மல்தான் கோளாறு. ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை, அதனால் பிட்யூட்டரி மேல் சந்தேகம் வர வேண்டும். செலவு மிச்சம் என்று டி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் வழக்கத்தில் இவர்கள் முழுவதுமாகத் தப்பிப்போகிறார்கள். வயதாகி மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். இயல்பாகவே உயர்ந்திருக்க வேண்டும். அறுபது வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் அது 5 என்று இருந்தால், ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுக்காத பட்சத்தில், பிட்யூட்டரியைப் பார்த்தாக வேண்டும். ஆய்வுக்கூடம் தடித்த எழுத்தில் எதையும் எச்சரிக்காத தாள்களில்தான் இந்த நோய் அதிகம் ஒளிந்திருக்கிறது.

வளர்ச்சி ஹார்மோனுக்கு இன்னொரு சிக்கல். அது ஆழ்ந்த தூக்கத்தில் அலையலையாகச் சுரக்கும், பகலில் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு அருகில் கிடக்கும். ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பதால் பயனில்லை. அது கல்லீரலில் உண்டாக்கும் ஐ.ஜி.எஃப்.-1 நாள் முழுக்க நிலையாக இருப்பதால் அதையே பார்க்கிறார்கள். அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசால் காலை எட்டு மணியளவில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். அதனால் குறைபாட்டைத் தேடுபவர்கள் காலையிலும், மிகுதியைத் தேடுபவர்கள் நள்ளிரவிலும் அளக்கிறார்கள்.

புரோலாக்டின் இந்தக் கூட்டத்தில் தனி ரகம். மற்ற ஹார்மோன்களை ஹைப்போதலாமஸ் முக்கியமாகத் தூண்டுகிறது. புரோலாக்டினை டோபமின் என்ற வேதிப்பொருள் மூலம் எப்போதும் அடக்கியே வைத்திருக்கிறது. பிட்யூட்டரியின் காம்பை வெட்டினால் மற்ற முன்மடல் ஹார்மோன்கள் விழும், புரோலாக்டின் மட்டும் ஏறும். உங்கள் தங்கையின் 68-ஐப் படிக்க இதுவே சாவி. ஏனென்றால் டோபமினைத் தடுக்கும் எதுவும் புரோலாக்டினை ஏற்றும். குமட்டலுக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநலத்துக்கான ரிஸ்பெரிடோன் போன்றவை நன்கு தெரிந்த காரணங்கள். (மனநல மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிய மருத்துவரிடம் கேட்க வேண்டும்.) கர்ப்பம் ஏற்றும். எனவே மாதவிடாய் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகுதான் மற்றவை. ஊசியைக் கண்ட பதற்றம்கூடக் கொஞ்சம் ஏற்றும். காம்பை அழுத்தும் வேறு எந்தக் கட்டியும் ஏற்றும்.

தைராய்டு குறைபாடும் ஏற்றும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தைராய்டு மிகவும் குறைந்த நிலை நெடுநாள் நீடித்தால், டி.எஸ்.எச். அணுக்கள் பெருகி பிட்யூட்டரியே வீங்கிவிடும். எம்.ஆர்.ஐ.யில் கட்டி போலவே தெரியும், புரோலாக்டினும் கூடியிருக்கும். தைராக்ஸின் மாத்திரை கொடுத்தால் சில மாதங்களில் வீக்கம் வடிந்துவிடும். இதைக் கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இவை எதுவும் இல்லை என்றால், 68 என்ற அளவும் 4 மி.மீ. என்ற அளவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. புரோலாக்டினோமாவில் (புரோலாக்டின் சுரக்கும் அடினோமா) கட்டியின் அளவும் ரத்த அளவும் பெரும்பாலும் சேர்ந்தே உயரும். சிறிய கட்டிக்கு ஒரு மி.லி.க்கு 50 முதல் 200 நானோகிராம் வரை எதிர்பார்க்கலாம். பெரிய கட்டிக்கு 200-ஐத் தாண்டி ஆயிரக்கணக்கில் போகும். கட்டி 3 செ.மீ., புரோலாக்டின் 68 என்றால்தான் கவலை: அது வேறு வகைக் கட்டி காம்பை அழுத்துவதாக இருக்கலாம், அல்லது அளவு மிக அதிகமானதால் பரிசோதனை முறை திணறிப் பொய்யாகக் குறைத்துக் காட்டியிருக்கலாம். பிந்தையதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தை நீர்த்து மறுபடி அளப்பார்கள்.

கூடுதல் புரோலாக்டின் எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரக்க ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு அனுப்பும் செய்திகளை அடக்குகிறது. அதனால்தான் மாதவிடாய் நிற்கிறது. நீண்ட காலம் விட்டால் ஈஸ்ட்ரோஜென் குறைந்து எலும்பும் தேயும். சிகிச்சை, டோபமின் வேலையைச் செய்யும் மாத்திரை: கேபர்கோலின் அல்லது புரோமோகிரிப்டின். கேபர்கோலினை வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ சாப்பிட்டால் போதும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் புரோலாக்டின் இயல்புக்கு வந்துவிடும், கட்டியும் சுருங்கும். மூளைப் பக்கத்துக் கட்டி ஒன்று மாத்திரையிலேயே கரைவது பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும்; ஆனால் பெரிய புரோலாக்டினோமாவுக்கும் முதல் சிகிச்சை இதுவே. தொடக்கத்தில் குமட்டலும் தலைசுற்றலும் வரலாம், இரவில் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குறையும். சிலருக்கு அடக்கமுடியாத சூதாட்ட ஆசை, கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது போன்ற மாற்றங்கள் வருவதுண்டு. நோயாளி சொல்லக் கூச்சப்படுவார், அதனால் வீட்டில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிறிய கட்டி கர்ப்பத்தில் தொந்தரவு தரும் அளவுக்கு வளர்வது நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான். மாத்திரை தொடங்கியதும், முதல் மாதவிடாய்க்கு முன்பே கருத்தரிக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மற்றக் கட்டிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டி எலும்பு வளரும் வயதில் வந்தால் அசாதாரண உயரம். 272 செ.மீ. வளர்ந்து 1940இல் 22 வயதில் இறந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ அறியப்பட்ட உதாரணம். வளர்ச்சி முடிந்தபின் வந்தால் அக்ரோமெகலி: மோதிரம் இறுகும், செருப்பு அளவு கூடும், பற்களுக்கு இடையே இடைவெளி விழும், குறட்டை, சர்க்கரை, ரத்த அழுத்தம். மாற்றம் மிக மெதுவாக வருவதால் தினமும் பார்க்கும் வீட்டாருக்குத் தெரியாது. பத்தாண்டுக்கு முந்தைய புகைப்படம்தான் காட்டிக்கொடுக்கும். ஏ.சி.டி.எச். சுரக்கும் கட்டியால் வருவது ஹார்வி குஷிங் 1932இல் விவரித்த குஷிங் நோய்: முகம் உருண்டு சிவக்கும், வயிறு பெருத்துக் கைகால் மெலியும், வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள், தொட்டாலே கன்றும் தோல். இந்த இரண்டுக்கும் முதல் சிகிச்சை மூக்கு வழி அறுவைதான். எந்த ஹார்மோனையும் சுரக்காத கட்டிகளும் நிறைய. அவை பெரிதாகிப் பார்வையைத் தொடும்வரை சத்தமே காட்டாது.

சுரப்பு குறையும் பக்கத்தில் உயிருக்கு ஆபத்தானது ஏ.சி.டி.எச். குறைபாடு. கார்ட்டிசால் இல்லாத உடம்பு காய்ச்சலையோ வாந்தியையோ அறுவை சிகிச்சையையோ தாங்காது, அழுத்தம் சரிந்துவிடும். இதில் ஒரு வரிசை உண்டு. கார்ட்டிசாலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலை ஈடுசெய்யும் மருந்து), பிறகே தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால், இருக்கும் கொஞ்ச கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி நோயாளி விழுந்துவிடுவார். ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்கள் காய்ச்சல் நாட்களில் மருத்துவர் சொன்னபடி அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி. ஆஸ்துமா, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் பிட்யூட்டரி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்துவது இதே ஆபத்து.

பின்மடல் பக்கம் வாசோபிரெசின் குறைந்தால் நாளுக்கு 3 லிட்டருக்கு மேல், சில சமயம் 10 லிட்டருக்கும் மேல் தண்ணீர் போன்ற சிறுநீர் போகும், ஓயாத தாகம். இதற்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமில்லை. டெஸ்மோபிரெசின் மருந்தில் நன்றாகக் கட்டுப்படும், ஆனால் அளவு மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று: திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல் அல்லது பொருட்கள் இரண்டாகத் தெரிவது. கட்டிக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போய், பிட்யூட்டரி கட்டி இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சிறிய கட்டிகளில் இது அபூர்வம்.

உங்கள் தங்கைக்கு இப்போது வேண்டியவை: கர்ப்பப் பரிசோதனை, அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், பதற்றமில்லாமல் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு எடுக்கும் இரண்டாவது புரோலாக்டின், டி.எஸ்.எச்.-உடன் ஃப்ரீ டி4, காலை கார்ட்டிசால், ஐ.ஜி.எஃப்.-1. இவற்றோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். நரம்பு அறுவை மருத்துவரிடம் இப்போதே ஓட வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஒரு சின்னப் புள்ளி தென்படுகிறது, பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்க எதுவும் செய்வதில்லை. மாத்திரை தொடங்கினால் ஒரு மாதம் கழித்து புரோலாக்டினைப் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். அடுத்த எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஓராண்டு கழித்துப் போதும். புரோலாக்டின் இயல்பாகவும் கட்டி சுருங்கியும் இரண்டாண்டு நின்றால் மாத்திரையைக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாமா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள்.